புதுக் கொம்பியூட்டரும் மின்னிய ஸ்கிரீனும், நாங்கள் அழித்த பஸ்ஸும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாள் கழிந்து எங்கள் வீட்டுக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்ததும், வந்த கையோடு அது மின்னத் தொடங்கியதும் உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிவாசல் முற்றத்திலும் சந்தித் தேநீர்க் கடையிலும் "அந்தச் சாமான் சரிவந்துதா?" என்று இன்னும் கேட்கிறீர்கள். சரிவந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். எப்படிச் சரிவந்தது என்று எழுதி வைத்தால் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்று நினைத்தோம். அதோடு நாங்கள் செய்த ஒரு பிழையையும் எழுத வேண்டியிருக்கிறது. மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம்.

மகன் 2025 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். நோன்பும் பரீட்சையும் ஒன்றாக வந்த வருடம். ஸஹருக்கு எழும்பி, சுபஹ் தொழுது, அப்படியே புத்தகத்தோடு இருந்த பிள்ளை. "பரீட்சை முடியட்டும், கொம்பியூட்டர் வாங்கித் தருவோம்" என்று இரண்டு வருடத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தோம். வீட்டில் விழுந்த சீட்டுக்காசு, பண்டிகை முற்பணம், அங்கும் இங்கும் சேர்த்தது எல்லாமாக இரண்டே முக்கால் இலட்சம். ஆசிரியர் சம்பளத்தில் அது எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொழும்பிலிருந்து வவுனியாவுக்குப் பார்சலில் எடுப்பித்தோம். வவுனியாவிலிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு பஸ். மொனிட்டர் பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தோம். கொண்டக்டர் தம்பி, "சேர், அதுக்கும் ஒரு டிக்கட் எடுங்கோவன்" என்று பகிடி விட்டார்.

முதல் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. மகன் விளையாடுவது லொறி ஓட்டும் கேம். யூரோ ட்ரக் சிமியுலேட்டர் 2 என்று பெயர். 2012இல் வந்த பழைய கேம். சுடுவது, வெட்டுவது ஒன்றும் இல்லை. ஒரு ஊரில் சாமான் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும். எங்கள் நாட்டு பஸ்களைச் செய்து அதற்குள் சேர்த்து ஓட்டுகிற பொடியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முல்லைத்தீவுப் பிள்ளைக்கு ஜெர்மனி வீதியில் எங்கள் ஊர் பஸ் ஓட்டுவதில் ஒரு சந்தோஷம்.

நாலாம் நாள், இஷாவுக்குப் பிறகு கூப்பிட்டான். "வாப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ. ஸ்கிரீன் மின்னுது."

போய்ப் பார்த்தோம். கோடு விழவில்லை, படம் உடையவில்லை. முழுத் திரையும் ஒரு கணம் மங்கி, அடுத்த கணம் வெளிச்சமாகி, திரும்ப மங்கியது. அரிக்கன் லாம்பின் திரியை யாரோ ஏற்றி இறக்குவதுபோல. பகல் வீதியில் ஓட்டும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. இரவு வீதியில் நன்றாகத் தெரிந்தது. கேம் திறக்கும்போது வருகிற காத்திருப்புப் படத்தில்தான் மிக மோசம். கேமை மூடினால் ஒன்றும் இல்லை. யூடியூப்பில் இல்லை. வேர்டில் இல்லை.

இப்போது யோசித்தால், விடை முழுக்க அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே எங்கள் கண்முன் இருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

அன்றிரவு என்ன செய்தோம்? எல்லாவற்றையும் செய்தோம். கிராபிக்ஸ் கார்டின் ட்ரைவரைப் புதிதாக இறக்கினோம். கேமுக்குள் படத்தின் தரத்தைக் குறைத்தோம். கேபிளைக் கழற்றிப் பூட்டினோம். பிளக்கை வேறு இடத்துக்கு மாற்றினோம். ஃபேனை நிற்பாட்டினோம். இரவு ஒரு மணிக்கு மின்னுவது நின்றதுபோல இருந்தது. சந்தோஷமாகப் படுத்தோம். அடுத்த நாள் மாலை திரும்ப மின்னியது. நேற்று எது அதை நிற்பாட்டியது, இன்று எது திரும்பக் கொண்டுவந்தது என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. ஐந்தையும் ஒன்றாகத்தானே மாற்றியிருந்தோம்.

பக்கத்து வீட்டு நானா வந்தார். "இது கறண்ட் பிரச்சினை. பின்னேரத்தில வோல்டேஜ் விழுகுது. போன மாசி மாசம் பாணந்துறையில குரங்கு ஒண்டு பாய்ஞ்சு நாடே இருண்டது தெரியுந்தானே" என்றார். பெப்ரவரி 9ஆம் திகதி நடந்ததை யார் மறப்பார்? 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டியதையும் கண்ட சனம் நாங்கள். எது பிழைத்தாலும் கறண்டின் தலையில் போடுவது எங்களுக்குப் பழகிவிட்டது.

நானா சொன்னதில் ஞாயம் இருந்தது. ஆனால் சோதிக்கலாம் அல்லவா? மாலை நேரத்துச் சந்தேகம் என்றால் ஊர் தூங்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். சுபஹுக்கு முன் எழும்பி ஓடவிட்டுப் பார்த்தோம். அப்போதும் மின்னியது. மின்னும்போது வீட்டு பல்ப்பைப் பார்த்தோம். அது ஆடாமல் அசையாமல் எரிந்தது. கொம்பியூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஆடலோட்டத்தை 12 வோல்ட் நேரோட்டமாக மாற்றித்தான் உள்ளே கொடுக்கிறது. வெளியே வோல்டேஜ் சற்று ஏறி இறங்கினால் அது அப்படியே ஸ்கிரீன் வெளிச்சத்தில் தெரியாது. அளவுக்கு மேல் விழுந்தால் பெட்டி அணைந்துபோகும், அல்லது திரும்ப ஸ்டார்ட் ஆகும். இப்படி அழகாக மங்கி மங்கி எரியாது. நானாவிடம் சொன்னோம். தலையாட்டினார், நம்பவில்லை.

பிறகு கடைக்கு எழுதினோம். போனில் ஒரு வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். வீடியோவில் கறுப்புப் பட்டிகள் மேலிருந்து கீழே ஓடின. "அது கமெரா பிரச்சினை" என்று பதில் வந்தது. எங்களுக்குக் கோபம். ஆனால் அந்தப் பட்டிகளைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. மின்னாமல் இருக்கும் சாதாரணத் திரையை எடுத்தாலும் அதே பட்டிகள் வந்தன. சில மொனிட்டர்களின் பின்விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். கமெராவின் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டி விழும். எங்கள் குறை அந்தப் பட்டி அல்ல. நாங்கள் காட்டியது ஒன்று, முறைப்பட்டது இன்னொன்று.

இனித்தான் அந்தப் பிழை வருகிறது.

இரண்டாவது கிழமை, யாரோ ஒருவர் "பிள்ளையள் களவு கேம் இறக்கினால் வைரஸ் வந்து இப்பிடித்தான் ஆகும்" என்று சொன்னார். வீட்டுக்கு வந்து மகனைக் கேட்டோம். கேட்டோம் என்று எழுதுவது பொய். ஏசினோம். "வாப்பா, அந்தக் கேம் காசு குடுத்து வாங்கினது. நீங்கள்தானே கார்ட்டால காசு கட்டினீங்கள்" என்றான். உண்மைதான், நாங்கள்தான் கட்டினோம். "அப்ப அந்த பஸ் எங்கால வந்தது? கண்ட கண்ட இடத்தில இருந்து இறக்கினதுதானே?" என்று அடுத்ததைப் பிடித்தோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்கவில்லை. தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடச் சொன்னோம். "ஏதும் எடுத்து வைக்க இருக்கோ?" என்று அந்தத் தம்பி கேட்டார். மகன் எங்களைப் பார்த்தான். நாங்கள், "ஒண்டும் இல்லை, புதுச் சாமான்தானே, எல்லாத்தையும் அழியுங்கோ" என்று சொன்னோம்.

புது விண்டோஸ். சுத்தமான டிஸ்க். ஒரு மொட் கூட இல்லாத வெறும் கேம். திறந்தோம். காத்திருப்புப் படத்திலேயே மின்னியது.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டான்.

அடுத்த நாள் மொனிட்டரைப் பெட்டியில் போட்டு ஒட்டினோம். இரண்டு நாள் லீவு போட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வருவது என்று முடிவு. மகனின் உம்மாவுக்கு வேறு பயம். மின்னுகிற திரையைப் பார்த்தால் பிள்ளைக்கு வலிப்பு வரும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அது வெறும் கதை அல்ல. 1997 டிசம்பர் 16ஆம் திகதி ஜப்பானில் போக்கிமொன் கார்ட்டூனின் ஒரு பகுதி தொலைக்காட்சியில் போனபோது, சிவப்பும் நீலமும் செக்கனுக்குப் பன்னிரண்டு தடவை அளவில் மாறி மாறி மின்னும் ஒரு காட்சி வந்தது. அன்றிரவு 685 பேர் அளவில், பெரும்பாலும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதனால்தான் இன்று இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டியில், எதுவும் ஒரு செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. வலிப்பு நோயுள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இப்படி வெளிச்சத்தால் பாதிக்கப்படுகிறவர்கள் என்று சொல்லப்படுகிறது. எங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை. என்றாலும் தாய் மனம். காரணம் தெரியும் வரைக்கும் விளையாட்டு வேண்டாம் என்று நிற்பாட்டினார். அந்த ஒரு முடிவு மட்டும் நாங்கள் எடுத்த சரியான முடிவு.

லீவுக் கடிதம் கொடுக்கப் போன இடத்தில்தான் எங்கள் பாடசாலையின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் பிடித்துக்கொண்டார். இடைவேளைத் தேநீரோடு இருந்தோம்.

"சேர், என்னென்ன மாத்திப் பாத்தனீங்கள்?"

வரிசையாகச் சொன்னோம். எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, இவ்வளவு செய்தோம் என்று.

"ஒண்டொண்டா மாத்தினீங்களோ, எல்லாத்தையும் சேத்தோ?"

பேசாமல் இருந்தோம்.

"நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறியள், சேர்" என்று சிரித்தார்.

அது சுட்டது. தரம் 9 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். ஒரு பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வை, கண்டதை உடனே குறித்துக்கொள். விளக்கம் பிறகு. விதை முளைப்பதற்குத் தண்ணீர் தேவையா, வெளிச்சம் தேவையா என்று பார்க்க மூன்று போத்தல் வைப்பிக்கிறோம். வீட்டில் இரண்டே முக்கால் இலட்சத்துச் சாமானில் எல்லாப் போத்தலையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கியிருந்தோம்.

அன்றே பெட்டியைப் பிரித்தோம். சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று எடுத்தோம். மகனைக் கூப்பிட்டோம். வந்தான், தள்ளித்தான் இருந்தான்.

சோதனையை ஒரே மாதிரி வைத்தோம். கேமைத் திறந்து காத்திருப்புப் படத்தைப் பார்ப்பது, பிறகு ஒரே வீதியில் இரவில் ஐந்து நிமிடம் ஓட்டுவது. ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மாற்றுவது. மின்னியதா இல்லையா என்று கொப்பியில் எழுதுவது மகனின் வேலை.

ஒன்று. மொனிட்டரைக் கழற்றிவிட்டு, வீட்டு ரீவியை அதே கொம்பியூட்டரில் கொழுவினோம். மின்னவில்லை. ஆகவே பெட்டியும் அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டும் சுகமாக இருக்கின்றன.

இரண்டு. அந்த மொனிட்டரைப் பழைய மடிக்கணினியில் கொழுவிப் படம் ஒன்று ஓடவிட்டோம். மின்னவில்லை. ஆகவே மொனிட்டரும் தன்பாட்டில் சுகம்.

மூன்று. கேபிள். அதே வகைக் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி மாற்றினோம். மின்னியது. பழைய கேபிளைத் திரும்பப் போட்டோம். மின்னியது. கேபிள் குற்றவாளி இல்லை.

கொப்பியைப் பார்த்துக்கொண்டே மகன் சொன்னான். "வாப்பா, மூண்டு பேரும் நல்லவங்க. இந்தப் பெட்டியும் இந்த மொனிட்டரும் சேர்ந்தாத்தான் சண்டை."

வகுப்பில் இப்படி எத்தனை பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். தனித்தனியே தங்கம், ஒரே வாங்கில் இருத்தினால் யுத்தம். அப்படியென்றால் ஆளைத் தண்டிப்பதில் பயனில்லை. அவர்களுக்குள் என்ன உடன்படிக்கை என்று பார்க்க வேண்டும்.

மொனிட்டரின் பின்பக்கத்து பொத்தானை அமத்தி மெனுவைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். அங்கே ஒரு வரி, 'அடாப்டிவ் சிங்க்' – ஒன். சில மொனிட்டர்களில் இதையே ஃப்ரீசிங்க் என்றும் ஜி-சிங்க் என்றும் போட்டிருக்கும். அதை மட்டும் ஓஃப் செய்தோம். வேறொன்றையும் தொடவில்லை. கேமைத் திறந்தோம்.

காத்திருப்புப் படம் வந்தது. அசையாமல் நின்றது. இரவு வீதி வந்தது. அசையவில்லை.

துள்ளிக் குதிக்கவில்லை. முதல் இரவும் இப்படித்தான் ஏமாந்தோம். திரும்ப ஒன் செய்தோம், மின்னியது. ஓஃப் செய்தோம், நின்றது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்து, மூன்று தடவையும் கொப்பியில் எழுதிய பிறகுதான் உம்மாவைக் கூப்பிட்டோம்.

இது ஏன் நடக்கிறது என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம்.

சாதாரண மொனிட்டர் செக்கனுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். இதை 60 ஹேர்ட்ஸ் என்பார்கள். கேம் விளையாட விற்கும் மொனிட்டர்கள் 144, 165 என்று போகும். ஆனால் கிராபிக்ஸ் கார்ட் ஒரே வேகத்தில் படம் வரைந்து கொடுப்பதில்லை. வெறும் வீதி என்றால் செக்கனுக்கு 140 படம் வரும். நகரத்துக்குள் நுழைந்தால் 70 ஆகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேல்பாதியில் புதுப் படமும் கீழ்பாதியில் பழைய படமுமாகத் திரை கிழிந்ததுபோலத் தெரியும். அதற்கு மருந்தாக வந்ததுதான் இந்த அடாப்டிவ் சிங்க். கார்ட் எப்போது படம் தருகிறதோ அப்போது மட்டும் மொனிட்டர் புதுப்பிக்கும். நல்ல ஏற்பாடுதான்.

சிக்கல் எங்கே? அடியில் சிறு ஓட்டையுள்ள வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடைவெளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் மட்டம் மாறாததுபோலவே தெரியும். சிலநேரம் உடனே ஊற்றி, சிலநேரம் பிந்தி ஊற்றினால் மட்டம் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எல்சிடி திரையின் ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஒரு வாளி. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அதற்கு மின்னழுத்தம் ஊற்றப்படுகிறது, அடுத்தது வரும்வரை அது மெல்லக் கசிகிறது. படங்கள் சீராக வந்தால் வெளிச்சமும் சீர். இடைவெளி ஏறுமாறாக மாறினால் வெளிச்சமும் ஆடும். கறுப்பு நன்றாகத் தெரியட்டும் என்று வாங்கப்படும் 'விஏ' வகைத் திரைகளில் இது கூடத் தெரியும். எங்களுடையதும் அந்த வகைதான். மங்கலான சாம்பல் நிறங்களில் சிறு மாற்றத்தையும் கண் பிடித்துவிடும். அதனால் இரவு வீதியில் மோசம். கேம் திறக்கும்போது படங்களின் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும். அதனால் காத்திருப்புப் படத்தில் அதைவிட மோசம். வேர்டில் வேகம் மாறுவதில்லை, அதனால் அங்கே ஒன்றும் இல்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே விடை இருந்தது என்று சொன்னது இதைத்தான்.

அந்த மொனிட்டரைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வந்திருந்தால் அதுவும் இதே மாதிரித்தான் மின்னியிருக்கும். பஸ் காசும் இரண்டு நாள் லீவும் போனதுதான் மிச்சமாக இருந்திருக்கும்.

இப்போது அந்த வசதியை ஓஃப் செய்து, கேமுக்குள் 'வி-சிங்க்' போட்டு ஓட்டுகிறான். படம் கிழியவும் இல்லை. ஸ்டீரிங் ஒரு துளி பிந்தித்தான் கேட்கும், லொறிக்கு அது பரவாயில்லை. வேகமாகச் சுடுகிற கேம் விளையாடுகிறவர்கள் அடாப்டிவ் சிங்கை விட்டுவிட மனமில்லாவிட்டால், செக்கனுக்கு இத்தனை படத்துக்கு மேல் வேண்டாம் என்று கார்டின் செட்டிங்ஸில் எல்லை போடலாம். கார்டால் எந்த நேரமும் எட்டக்கூடிய ஒரு அளவைப் போட்டால் ஏற்ற இறக்கம் குறையும், மின்னுவதும் பெரும்பாலும் குறையும். எங்கள் சித்திரை வெயிலில் கார்ட்டின் சூடும் குறையும்.

எல்லாம் முடிந்த அன்றிரவு மகள் உம்மாவிடம் சொன்னாள். "உம்மா, நானாட பஸ் போச்சு."

எந்த பஸ்?

அந்த பஸ் எங்கிருந்தோ இறக்கியது அல்ல. வெறும் பஸ்ஸின் உருவம் மட்டும்தான் இறக்கியது. அதன் மேல் இருந்த நிறம், கோடு, எழுத்து எல்லாம் அவன் வரைந்தது. பதினொரு இரவு இருந்து வரைந்திருக்கிறான். முன்னுக்கு 'முல்லைத்தீவு – வவுனியா' என்று பலகை. பக்கத்தில் நந்திக்கடலும் ஒரு கொக்கும். பின்கண்ணாடியில், எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் எழுதுவதுபோல, 'வாப்பா உம்மாவின் துஆ' என்று எழுதியிருக்கிறான். அந்தக் கோப்புகள் எல்லாம் டொகியுமென்ட்ஸுக்குள் இருந்தன. "ஒண்டும் இல்லை, அழியுங்கோ" என்று நாங்கள் சொன்னபோது அழிந்தது அதுதான். அவன் அன்று வாயெடுத்ததும் அதைச் சொல்லத்தான்.

பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, ஊகத்தின் மேல் ஒருவரைக் குற்றஞ்சாட்டாதே, விசாரித்துப் பார் என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். சூறா ஹுஜுராத்தை எத்தனை தடவை ஓதியிருக்கிறோம். கறண்டுக்கு ஒரு சோதனை வைத்தோம். கேபிளுக்குக்கூடப் பிறகு ஒரு சோதனை வைத்தோம். பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஒரு சோதனையும் இல்லாமல் தீர்ப்புச் சொன்னோம்.

போய் அவன் கட்டிலில் இருந்தோம். "மகன், நாங்கள் பிழை விட்டிட்டம். கேக்காமல் அழிச்சிட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னோம். "பரவாயில்லை வாப்பா" என்றான். பரவாயில்லை என்று சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று வகுப்பறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது பரவாயில்லை இல்லை. இரண்டு மூன்று நாள் போனது.

பிறகு தங்கச்சியின் போனில் ஒரு படம் கிடைத்தது. பஸ் முடிந்த அன்று அவளுக்குக் காட்ட அனுப்பியிருக்கிறான். ஒரேயொரு படம், ஒரு பக்கம் மட்டும். அதைப் பார்த்துத் திரும்ப வரையத் தொடங்கியிருக்கிறான். மஃரிபுக்குப் பிறகு நாங்களும் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறோம். கொக்கின் கால் நீளம் போதாது என்று உம்மா சொன்னார், கூட்டினான். பின்கண்ணாடி இன்னும் வெறுமையாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி, வீட்டில் ஸ்கிரீன் மின்னினால் என்ன செய்யலாம் என்று எங்கள் கொப்பியிலிருந்து:

1. முதலில் எதையும் தொடாமல் பாருங்கள். எங்கே மின்னுகிறது, எங்கே மின்னவில்லை, எப்போது என்று எழுதுங்கள். பிள்ளைக்கு வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால், காரணம் தெரியும் வரைக்கும் பார்க்க விடாதீர்கள். தலைசுற்று, குழப்பம் ஏதும் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

2. டெஸ்க்டொப்பிலும் மின்னினால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதுவும் சேர்ந்து மின்னினால் கிராபிக்ஸ் ட்ரைவரில் சந்தேகம். அது மின்னாமல் மற்றவை மட்டும் மின்னினால் ஏதோ ஒரு மென்பொருளில் சந்தேகம். இது மைக்ரோசொஃப்ட் நிறுவனமே சொல்கிற முதல் சோதனை.

3. மொனிட்டர் கேபிள் பெட்டியின் பின்பக்கம் எங்கே கொழுவியிருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் கொழுவ வேண்டும். மதர்போர்டில் கொழுவினால் காசு கொடுத்து வாங்கிய கார்ட் சும்மா இருக்கும். கேபிள் இரண்டு முனையிலும் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் ஹேர்ட்ஸ் அளவு தெரியும். அதை ஒரு படி குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் நின்றால் கேபிளில் சந்தேகப்படலாம்.

5. கேமில் மட்டும் மின்னினால், அதிலும் இருட்டிலும் காத்திருப்புப் படத்திலும் கூட மின்னினால், மொனிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்கை ஓஃப் செய்து பாருங்கள்.

6. வேறு மொனிட்டரோ ரீவியோ கொழுவிப் பாருங்கள். செலவில்லாத சோதனை, பாதிக் கேள்விக்கு விடை தரும்.

7. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரிவந்தது என்று நினைத்தால் திரும்பப் பழையபடி வைத்துக் குறை வருகிறதா என்றும் பாருங்கள்.

8. விண்டோஸை அழித்துப் போடுவது கடைசி வேலை. அதற்கு முன் அந்தக் கொம்பியூட்டரைப் பாவிக்கிறவரிடம், அது எவ்வளவு சின்னப் பிள்ளையாக இருந்தாலும், "இதுக்குள்ள உங்கட என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

கடைக்காரரிடமும் கோபமில்லை. கமெரா என்று அவர்கள் சொன்னது பாதி சரி. பக்கத்து வீட்டு நானா இன்னும் கறண்ட் என்றுதான் சொல்கிறார், அவருக்கும் எங்கள் ஸலாம். தேநீர் மேசையில் ஒரு கேள்வியால் எங்களைப் பிடித்து நிறுத்திய ஆசிரியருக்கு மனமார்ந்த நன்றி.

உங்கள் வீட்டிலும் இப்படி மின்னினால் கீழே எழுதுங்கள், அல்லது மாலையில் வீட்டுக்கு வாருங்கள். கொப்பி இருக்கிறது, மகனும் இருக்கிறான். இப்போது அவன்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறான்.

பரீட்சை முடிவை எதிர்பார்த்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.